ஒரு எஸ்எம்எஸ்ஸின் உண்மை விலை: செலவுத் தரவையும் டெலிவரித் தரவையும் சேர்த்துப் படிக்கும் முறை

மொத்தக் குறுஞ்செய்தி விற்பவர்களிடம் விலை கேட்டால் ‘ஒரு எஸ்எம்எஸ் இத்தனை பைசா’ என்று ஒற்றை எண் ஒன்றைச் சொல்வார்கள். அந்த எண்ணை மட்டும் ஒப்பிட்டு வழங்குநரைத் தேர்ந்தெடுக்கும் நிறுவனங்கள், மாத முடிவில் வரும் பில் எதிர்பார்த்ததைவிட இருமடங்காக இருப்பதையும், வாடிக்கையாளர்கள் ‘ஓடிபி வரவில்லை’ என்று அழைத்துக்கொண்டே இருப்பதையும் இரு தனிப் பிரச்சினைகளாகப் பார்க்கின்றன. பெரும்பாலும் இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில், அதாவது ஒவ்வொரு செய்திக்கும் ஏபிஐ (உங்கள் நிரலும் வழங்குநரின் நிரலும் பேசிக்கொள்ளும் இணைப்பு) வழியாகத் திரும்பி வரும் செலவு விவரத்திலும், செய்தி சேர்ந்ததா என்று தெரிவிக்கும் டெலிவரி ரிப்போர்ட்டிலும் இருக்கிறது. அவற்றைச் சேமித்து, இணைத்து, முடிவெடுக்கப் பயன்படுத்துவது எப்படி என்பதை இந்தியாவில் டிஎல்டி முறையின் (வணிகச் செய்தி அனுப்புவோரும் செய்தி வடிவங்களும் முன்கூட்டியே பதிவு செய்யப்பட வேண்டிய முறை) கீழ் செய்தி அனுப்பும் நிறுவனங்களை மனத்தில் வைத்து இக்கட்டுரை விளக்குகிறது. அளக்க வேண்டியது அனுப்பிய செய்தியின் விலையை அல்ல. உரிய நேரத்தில் உரியவர் கைக்குச் சேர்ந்த செய்தியின் விலையை.

முதலில் கிரெடிட்டை எண்ணுங்கள்

வழங்குநர் பில் போடுவது செய்திக் கணக்கில் அல்ல, கிரெடிட் கணக்கில். ஓர் எஸ்எம்எஸ் சுமக்கக்கூடிய அளவு 140 பைட்; அந்த அளவுதான் ஒரு கிரெடிட். ஜிஎஸ்எம் அமைப்பின் அடிப்படை எழுத்துப் பட்டியலில் உள்ள ஆங்கில எழுத்துகள், எண்கள், நிறுத்தக்குறிகள் ஆகியவற்றை மட்டும் கொண்ட செய்தியில் 160 குறிகள் வரை ஒரு கிரெடிட்டில் அடங்கும். 160ஐத் தாண்டிவிட்டால் செய்தி பகுதிகளாக வெட்டப்பட்டு, அவற்றைக் கைபேசியில் மீண்டும் ஒட்டுவதற்கான தலைப்புத் தகவலுக்கு இடம் ஒதுக்கப்படுவதால், ஒவ்வொரு பகுதிக்கும் 153 குறிகளே கிடைக்கும். அந்தப் பட்டியலில் இல்லாத ஒரே ஒரு குறி நுழைந்தாலும் செய்தி முழுவதும் யுசிஎஸ்-2 என்ற எழுத்துமுறைக்கு மாறிவிடும். அப்போது ஒரு கிரெடிட்டின் எல்லை 70 ஆகவும், நீண்ட செய்தியில் பகுதிக்கு 67 ஆகவும் சுருங்கும்.

இந்திய ரூபாய்க் குறியான ₹ அந்தப் பட்டியலில் இல்லை. ஆங்கிலத்தில் 150 குறிகள் கொண்ட ஒரு கட்டண நினைவூட்டலில் அது ஒருமுறை வந்தால், ஒரு கிரெடிட்டில் போயிருக்க வேண்டிய செய்தி மூன்று கிரெடிட் ஆகிறது. அதற்குப் பதில் ரூபாயை இரண்டு ஆங்கில எழுத்துகளால் சுருக்கி எழுதினால் மீண்டும் ஒரு கிரெடிட்டுக்கு வந்துவிடும். வேர்டு கோப்பிலிருந்து நகலெடுக்கும்போது கூடவே வரும் வளைந்த மேற்கோள் குறியும் இதே வேலையைச் செய்யும். செலவைக் குறைக்க வேண்டும் என்று வழங்குநரிடம் அரை பைசாவுக்குப் பேரம் பேசுவதற்கு முன், எல்லா டெம்ப்ளேட்டுகளிலும் (பதிவு செய்துவைத்த செய்தி வடிவங்கள்) இந்த இரண்டையும் தேடிப் பாருங்கள்.

தமிழில் அனுப்புவோர் இன்னும் கவனமாக எண்ண வேண்டும். இங்கே எண்ணப்படுவது நாம் பள்ளியில் எண்ணிய எழுத்து அல்ல. ஒருங்குறியில் (யூனிகோட்) உயிர்மெய்யின் மெய்ப்பகுதியும் துணைக்குறியும் தனித்தனி, புள்ளியும் தனி. ‘தெரிவிக்கவும்’ என்ற சொல்லில் நமக்கு ஏழு எழுத்துகள். எஸ்எம்எஸ் கணக்கில் 13. ‘உங்கள் மருத்துவர் சந்திப்பு நாளை காலை 10.30 மணிக்கு. வர இயலாவிடில் முன்கூட்டியே தெரிவிக்கவும்.’ என்ற சாதாரண நினைவூட்டல் 94 அலகுகளுக்கு வருகிறது. அதாவது இரண்டு கிரெடிட். இதில் ‘உங்கள்’, ‘முன்கூட்டியே’ ஆகிய இரு சொற்களை நீக்கினாலும் 74 ஆகிறதே தவிர, 70க்குள் வருவதில்லை. மருத்துவமனையின் பெயரையும் சேர்த்தாக வேண்டும் என்றால் ஒரு கிரெடிட்டுக்கு வழியே இல்லை. எனவே இங்கே செய்ய வேண்டியது சொல்லைக் கழிப்பதல்ல. இரண்டு கிரெடிட்டின் எல்லை 134 என்பதால், மீதமுள்ள 40 அலகுகளில் மருத்துவமனையின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் கூடுதல் செலவின்றிச் சேர்த்துவிடலாம். எல்லையைச் சற்றே தாண்டி நிற்கும் செய்தியை உள்ளே இழுப்பதும், தொலைவில் நிற்பதை நிரப்பிப் பயன்படுத்துவதும்தான் சிக்கனம்.

டெம்ப்ளேட்டின் மாறும் இடங்களில்தான் கணக்கு பெரிதும் தவறுகிறது. சோதனையின்போது ‘ரவி’ என்று நிரப்பப்பட்ட இடத்தில் உண்மையான செய்தியில் ‘மீனாட்சிசுந்தரம்’ வந்தால் அதே டெம்ப்ளேட் அடுத்த கிரெடிட்டுக்குத் தாவிவிடும். ஆகவே டெம்ப்ளேட்டுக்கு இத்தனை கிரெடிட் என்று ஒரு நிலையான எண்ணை வைத்துக்கொள்ளாமல், அனுப்பப்பட்ட ஒவ்வொரு செய்திக்கும் உண்மையில் எத்தனை பகுதிகள் ஆயின என்பதைப் பதிவு செய்ய வேண்டும். தமிழில் இன்னொரு நுட்பமும் உண்டு: கொ, கோ போன்ற எழுத்துகளின் துணைக்குறியைச் சில பழைய எழுத்துரு மாற்றிகள் ஒரே குறியாக எழுதாமல் கொம்பும் காலுமாக இரண்டாக உடைத்து எழுதுகின்றன. கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. கணக்கில் ஓர் அலகு கூடும், பதிவு செய்த டெம்ப்ளேட்டோடு ஒப்பிடும்போது பொருந்தாமலும் போகலாம். அனுப்பும் முன் உரையை ஒருங்குறியின் இயல்பு வடிவத்துக்கு (NFC) மாற்றிவிடும்படி உங்கள் நிரலரிடம் சொல்லிவையுங்கள்.

செய்திக்கு ஒரு வரி என்று பதிவேடு

வழங்குநரின் டாஷ்போர்டில் தெரியும் விழுக்காடுகள் பார்வைக்கு நன்றாக இருக்கும்; முடிவெடுக்க உதவாது. சொந்தத் தரவுத்தளத்தில் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு வரி வேண்டும். அந்த வரியில் உங்கள் சொந்த அடையாள எண், வழங்குநர் தந்த செய்தி எண், ஹெடர் (அனுப்புநராகக் காட்டப்படும் பெயர்), டெம்ப்ளேட் எண், எழுத்துமுறை, பகுதிகளின் எண்ணிக்கை, அன்றைய விலை, உங்கள் பயன்பாடு செய்தியைக் கேட்ட நேரம், வழங்குநர் அதை ஏற்றுக்கொண்ட நேரம், டெலிவரி ரிப்போர்ட் உங்கள் சர்வரை வந்தடைந்த நேரம், நிலை, வழங்குநர் அனுப்பிய பிழைக் குறி உள்ளபடியே, பெறுநரின் நெட்வொர்க், செய்தியின் நோக்கம் ஆகியவை இருக்க வேண்டும். இவற்றோடு பலரும் விட்டுவிடும் ஒன்றும் வேண்டும்: அந்தச் செய்தி எதற்காக அனுப்பப்பட்டதோ அது நடந்ததா என்பது. ஓடிபி என்றால் வாடிக்கையாளர் அதை உள்ளிட்டாரா, கட்டண நினைவூட்டல் என்றால் பணம் கட்டப்பட்டதா என்று ஒரு புலம் இல்லாவிட்டால், பின்னால் வரும் ஒப்பீடுகள் பாதியிலேயே நின்றுவிடும்.

விலையை எப்போது எழுதுவது என்பது வழங்குநரைப் பொறுத்தது. வோனேஜ் போன்ற சில சேவைகள் செய்தி அனுப்பியதற்கான பதிலிலும் டெலிவரி ரிப்போர்ட்டிலும் விலையைச் சேர்த்தே தருகின்றன. ட்விலியோவில் விலைப் புலம் தொடக்கத்தில் வெறுமையாக இருந்து, செய்தி அனுப்பப்பட்ட பிறகே நிரப்பப்படுகிறது. எனவே சிறிது நேரம் கழித்து மீண்டும் கேட்டுப் பெற வேண்டும். இந்திய மொத்த விற்பனையாளர்கள் பலரிடம் விலைப் புலமே கிடையாது, கிரெடிட் எண்ணிக்கை மட்டும் வரும்; அங்கே ஒப்பந்த விலைப் பட்டியலைத் தேதியோடு தனி அட்டவணையில் வைத்து நீங்களே பெருக்கிக்கொள்ள வேண்டும். 14.5 பைசா போன்ற விலைகளை மிதவைப் புள்ளி (float) எண்ணாக வைத்துக் கூட்டினால் லட்சக்கணக்கான வரிகளில் சிறு பிழைகள் சேரும் என்பதால், பைசாவின் நூறில் ஒரு பங்கை அலகாகக் கொண்டு முழு எண்ணாகச் சேமிப்பது நல்லது. 18 விழுக்காடு ஜிஎஸ்டியைத் தனிப் புலத்தில் வையுங்கள். ஒரு வழங்குநரின் விலை வரியோடும் மற்றொருவரின் விலை வரியின்றியும் ஒப்பிடப்படுவது அடிக்கடி நடப்பது.

நேரப் பதிவில் இரண்டு பொறிகள் உள்ளன. முதலாவது, ரிப்போர்ட்டுகள் சர்வதேச நேரத்தில் வந்து உங்கள் பதிவு இந்திய நேரத்தில் இருந்தால், எல்லாச் செய்திகளும் ஐந்தரை மணி நேரம் தாமதமானதாகவோ, அனுப்புவதற்கு முன்பே சேர்ந்ததாகவோ காட்டும். இரண்டாவது, எஸ்எம்எஸ் பரிமாற்றத்துக்கான எஸ்எம்பிபி நெறிமுறையின் வழக்கமான ரிப்போர்ட் வடிவத்தில் சேர்ந்த நேரம் நிமிடம் வரைதான் எழுதப்படுகிறது, வினாடி இல்லை. முப்பது வினாடித் தாமதமும் முக்கியமான ஓடிபிக்கு அது போதாது. ஆகவே ரிப்போர்ட் உங்கள் சர்வருக்கு வந்த நேரத்தை நீங்களே வினாடியோடு குறித்துக்கொள்ள வேண்டும்.

நிலையைப் படிக்கும் விதம்

டெலிவரி ரிப்போர்ட்டில் வரும் நிலைகளைச் ‘சேர்ந்தது’, ‘சேரவில்லை’ என்று இரண்டாகச் சுருக்கிவிட்டால் தரவின் பயனில் பெரும்பகுதி போய்விடும். குறைந்தது ஐந்து கூடைகள் தேவை. கைபேசியைச் சேர்ந்தது ஒன்று. ஆபரேட்டர் கைபேசிக்கு அனுப்பும் முன்பே டிஎல்டி சரிபார்ப்பில் நிராகரிக்கப்பட்டது இரண்டாவது. எண் பயன்பாட்டில் இல்லை என்பது போன்ற நிரந்தரத் தோல்வி மூன்றாவது. கைபேசி அணைக்கப்பட்டிருந்தது, நினைவகம் நிரம்பியிருந்தது போன்ற தற்காலிகக் காரணங்களால் காலாவதியானது நான்காவது. ரிப்போர்ட்டே வராதது ஐந்தாவது. இந்த ஐந்தாவது கூடையைச் சேர்ந்தவற்றோடு கூட்டுவதும், கணக்கிலிருந்தே நீக்கிவிடுவதும் விழுக்காட்டை அழகாக்கும் வழிகள், இரண்டையும் செய்யாதீர்கள். வகுக்கும் எண் எப்போதும் நீங்கள் அனுப்பச் சொன்ன மொத்தமாகவே இருக்கட்டும்.

டிஎல்டி நிராகரிப்பைத் தனியே வைப்பதற்கு வலுவான காரணம் உண்டு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018ஆம் ஆண்டு விதிமுறைப்படி நிறுவனம், ஹெடர், டெம்ப்ளேட் ஆகிய மூன்றும் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். செல்லும் செய்தி பதிவான டெம்ப்ளேட்டோடு பொருந்தாவிட்டால் ஆபரேட்டர் அதைத் தடுத்துவிடுவார். 2021 மார்ச் 8 அன்று இந்தச் சரிபார்ப்பு நடைமுறைக்கு வந்தபோது நாடெங்கும் வங்கி ஓடிபிகள் தடைபட்டு, மறுநாளே டிராய் அதை ஒரு வாரத்துக்கு நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. 2024 அக்டோபர் முதல் முன்பதிவு செய்யப்படாத இணைய முகவரி உள்ள செய்திகளும் தடுக்கப்படுகின்றன. இத்தகைய தோல்விகளுக்கு ரூட்டை, அதாவது செய்தி செல்லும் வழியை, மாற்றுவது தீர்வாகாது. ஒரு டெம்ப்ளேட்டின் நிராகரிப்பு திடீரென்று கூடினால், அந்த டெம்ப்ளேட்டை யாரோ திருத்தியிருக்கிறார்கள் அல்லது மாறும் இடத்தில் வரக் கூடாத ஒன்று வந்திருக்கிறது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். விளம்பரச் செய்திகளை மறுத்துப் பதிவு செய்தவர்களுக்குச் செல்லாமல் நின்றவையும் இதே கூடையில் தனிக் குறியோடு இருக்கட்டும். அது வழங்குநரின் குறையும் அல்ல, உங்கள் குறையும் அல்ல.

நிரந்தரத் தோல்வி இரண்டு மூன்று முறை வந்த எண்ணை அனுப்பும் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும். இது பைசா மிச்சப்படுத்தும் வேலை மட்டுமல்ல. துண்டிக்கப்பட்ட எண், குறைந்தது 90 நாள் இடைவெளிக்குப் பின் வேறொருவருக்கு வழங்கப்படலாம். அப்போது பழைய வாடிக்கையாளரின் கடன் நிலுவையும் பரிசோதனை முடிவும் முன்பின் தெரியாதவர் கைக்குப் போகும், ரிப்போர்ட்டில் ‘சேர்ந்தது’ என்றும் வரும். தற்காலிகத் தோல்வியிலோ மறுமுயற்சி பொருத்தமானதே. ஆனால் ஓடிபிக்கு அதன் ஆயுளுக்கு மேல் முயற்சி நீளக் கூடாது. பத்து நிமிடத்தில் செல்லாததாகிவிடும் ஓடிபியை வலையமைப்பு ஒரு நாள் முழுவதும் வைத்திருந்து கொடுப்பதால் யாருக்கும் பயனில்லை என்பதால், அனுப்பும்போதே செல்லுபடிக் காலத்தைக் குறிப்பிட்டுவிடுங்கள்.

ரிப்போர்ட்டுகள் வரிசையாகவும் ஒருமுறை மட்டுமாகவும் வரும் என்று நம்பி நிரல் எழுதக் கூடாது. ‘சேர்ந்தது’ வந்த பிறகு ‘ஏற்கப்பட்டது’ தாமதமாக வந்து முந்தையதை அழித்துவிடும். ஒரே ரிப்போர்ட் இருமுறையும் வரும். இறுதி நிலையை இடைநிலை மேலெழுதாதபடி விதி வேண்டும். பல பகுதிச் செய்தியில் பகுதிக்கொரு ரிப்போர்ட் வருமானால், எல்லாப் பகுதிகளும் சேர்ந்தால் மட்டுமே செய்தி சேர்ந்ததாகக் கொள்ளுங்கள்.

ரிப்போர்ட்டை நம்பலாமா

மலிவான ரூட்டுகளில் கைபேசிக்குப் போகாமலேயே ‘சேர்ந்தது’ என்று திரும்பி வரும் ரிப்போர்ட்டுகளும் உண்டு. கண்டுபிடிப்பது கடினமல்ல. ஜியோ, ஏர்டெல், வோடஃபோன் ஐடியா, பிஎஸ்என்எல் ஆகிய நான்கிலும் அலுவலகத்துக்குச் சொந்தமான சிம்களை வைத்துக்கொண்டு, அவற்றின் எண்களை வழக்கமான பட்டியலுக்குள் சிதறலாகக் கலந்துவிடுங்கள். ஒவ்வொரு நெட்வொர்க்கிலும் ஒரு கைபேசி அணைக்கப்பட்டே இருக்கட்டும். அணைந்த கைபேசிக்குச் சில வினாடிகளில் ‘சேர்ந்தது’ என்று ரிப்போர்ட் வந்தால் அந்த ரூட்டின் மற்ற எண்களையும் நம்புவதற்கில்லை. சோதனை எண்கள் எவை என்பதை வழங்குநரிடம் சொல்லக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நெட்வொர்க்கை எண்ணின் முதல் இலக்கங்களைக் கொண்டு ஊகிப்பதையும் விட்டுவிடுங்கள். எண் மாறாமல் நிறுவனம் மாறும் வசதி 2011 ஜனவரியிலிருந்து நாடு முழுவதும் இருப்பதால், ரிப்போர்ட்டில் வரும் நெட்வொர்க் குறியையே கொள்ள வேண்டும்.

இரு ரூட்டுகளை ஒப்பிடுதல்

ஓடிபி அனுப்ப இரண்டு வழங்குநர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாமவர் கிரெடிட்டுக்கு 15 பைசா, இரண்டாமவர் 18 பைசா கேட்கிறார்கள். இருவர் வழியாகவும் தலா 10,000 செய்திகள் அனுப்புகிறோம். முதலாமவருக்கு 1,500 ரூபாய் ஆகிறது. அதில் ஒரு நிமிடத்துக்குள் சேர்ந்தவை 7,500. இரண்டாமவருக்கு 1,800 ரூபாய். ஒரு நிமிடத்துக்குள் சேர்ந்தவை 9,500. நேரத்தில் சேர்ந்த செய்தி ஒன்றுக்கு முதலாமவரிடம் 20 பைசா, இரண்டாமவரிடம் 19 பைசாவுக்கும் சற்றுக் குறைவு. விலைப்பட்டியலில் 20 விழுக்காடு அதிகமாக இருந்தவர் உண்மையில் மலிவானவர். இங்கேயும் நின்றுவிடக் கூடாது: 300 ரூபாயை மிச்சப்படுத்தப் போய் 2,000 பேரைக் காக்க வைத்திருக்கிறோம், அவர்களில் எத்தனை பேர் ‘மீண்டும் அனுப்பு’ என்பதை அழுத்தினார்கள், எத்தனை பேர் வாங்க வந்ததை விட்டுப் போனார்கள் என்பது உங்கள் பதிவேட்டின் ‘நோக்கம் நிறைவேறியதா’ என்ற புலத்தில் இருக்கிறது. மறுமுறை அனுப்பிய செய்திகளின் செலவை முதல் செய்தியோடு சேர்த்து, ஓடிபியை உள்ளிட்டு முடித்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவதே ஓடிபியின் விலை. விழாக்காலத் தள்ளுபடி அறிவிப்புக்கு ஒரு நிமிடக் கணக்கு பொருந்தாது. அங்கே அன்று மாலைக்குள் சேர்ந்தால் போதும், மலிவான ரூட்டே சரி.

ஒப்பீடு நேர்மையாக இருக்க, ஒரே வாரத்தில், ஒரே வகைச் செய்தியை, ஒரே மாதிரியான பெறுநர்களுக்குப் பகிர்ந்து அனுப்ப வேண்டும். காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் என்று பிரித்தால் நெரிசலின் விளைவு வழங்குநரின் தலையில் ஏறும். பெறுநர்களைத் தற்செயலாக இரு பாதியாகப் பிரிக்கும் வழியை நிரலிலேயே வைத்துவிடுவது எளிது. சில நூறு செய்திகளில் தெரியும் இரண்டு மூன்று விழுக்காட்டு வேறுபாட்டுக்குப் பொருள் கிடையாது. ஒவ்வொரு நெட்வொர்க்கிலும் சில ஆயிரங்கள் சேரும்வரை காத்திருங்கள். தாமதத்தைச் சராசரியால் அளக்க வேண்டாம். மணிக்கணக்கில் தாமதமான சில செய்திகள் சராசரியை இழுத்துவிடும். நூற்றில் ஐம்பதாவது செய்தியும் தொண்ணூற்றைந்தாவது செய்தியும் எத்தனை வினாடியில் சேர்ந்தன என்று இரண்டு எண்களாகப் பாருங்கள்.

பில்லோடு ஒப்பிடுதல்

மாதம் முடிந்ததும் வழங்குநரிடம் மொத்தத் தொகையை அல்ல, செய்தி எண்ணோடு கூடிய விவரக் கோப்பையே கேட்டு வாங்குங்கள். அதை உங்கள் பதிவேட்டோடு செய்தி எண்ணைக் கொண்டு இணைத்தால் மூன்று வகை வேறுபாடுகள் தெரியவரும்: உங்களிடம் இருந்தும் பில்லில் இல்லாதவை, பில்லில் இருந்தும் உங்களிடம் இல்லாதவை, இரண்டிலும் இருந்தும் கிரெடிட் எண்ணிக்கை மாறுபடுபவை. மூன்றாவது வகையில்தான் பணம் இருக்கும். மாதத்தின் முதல் நாளிலும் கடைசி நாளிலும் மட்டும் வேறுபாடு குவிந்திருந்தால் அது நேர மண்டலக் குழப்பம். சண்டைக்குப் போக வேண்டாம். வழங்குநர்கள் பலர் செய்தி சேர்ந்ததற்கு அல்ல, ஏற்றுக்கொண்டதற்கே கட்டணம் வாங்குகிறார்கள் என்பதையும், டிஎல்டியில் நிராகரிக்கப்பட்டவற்றுக்கும் சிலர் கட்டணம் போடுகிறார்கள் என்பதையும் ஒப்பந்தம் எழுதும்போதே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். வாட்ஸ்அப்போடு விலையை ஒப்பிடும்போதும் இதை மறக்கக் கூடாது. 2025 ஜூலையிலிருந்து அங்கே உரையாடலுக்கு அன்றி டெம்ப்ளேட் செய்திக்கு ஒன்றாகக் கட்டணம், அதுவும் சேர்ந்த செய்திக்கு மட்டும். அனுப்பிய எஸ்எம்எஸ் விலையையும் சேர்ந்த வாட்ஸ்அப் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது ஒப்பீடாகாது.

மோசடி முதலில் தெரியும் இடம்

இணையத்தில் யாரும் எண்ணை இட்டு ஓடிபி கேட்கக்கூடிய படிவம் உங்களிடம் இருந்தால், செய்திக் கட்டணத்தில் பங்கு பெறும் கும்பல்கள் நிரல் வைத்து ஆயிரக்கணக்கான எண்களுக்கு ஓடிபி கேட்க வைக்கும். ட்விட்டர் நிறுவனம் இத்தகைய போலிச் செய்திகளால் ஆண்டுக்கு 6 கோடி டாலர் இழப்பதாக 2023 பிப்ரவரியில் இலான் மஸ்க் கூறினார். அடுத்த மாதமே கட்டணம் செலுத்தாதவர்களுக்கு எஸ்எம்எஸ் வழிச் சரிபார்ப்பு நிறுத்தப்பட்டது. இந்த மோசடியில் டெலிவரி விழுக்காடு குறையாது, சில வேளை கூடவே செய்யும். ஓடிபியை உள்ளிட்டவர்களின் விழுக்காடு மட்டுமே தரைமட்டமாகும். ஒரு நாட்டுக் குறியிலோ தொடர்ச்சியான எண்களிலோ செலவு ஏறி, உள்ளிட்டவர் எண்ணிக்கை ஏறாமல் இருந்தால் உடனே எச்சரிக்கை வரும்படி வையுங்கள். இந்தியாவுக்குள் மட்டும் வாடிக்கையாளர்கள் இருக்கும் நிறுவனம் 91 தவிர்த்த எல்லா நாட்டுக் குறிகளையும் வழங்குநரிடம் சொல்லி அடைத்துவிடலாம். வெளிநாட்டுச் செய்திகளின் விலை உள்நாட்டு விலையைப் போலப் பல மடங்கு என்பதால், ஒரே இரவில் ஒரு மாத பட்ஜெட் கரைவதற்கான வாய்ப்பும் அதோடு அடைபடும்.

பதிவேட்டில் கைபேசி எண்கள் நிறைந்திருக்கும் என்பதால், பில் சரிபார்ப்பு முடிந்து தகராறுக்கான காலமும் கடந்தபின் எண்ணை மறைகுறியாக மாற்றிவிட்டு, செலவு, நிலை, நேரம், நெட்வொர்க் ஆகிய புலங்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு ஒப்பந்தப் பேச்சுக்கு அவையே போதும். ஓடிபியின் எண்ணையோ செய்தியின் முழு உரையையோ இந்தப் பதிவேட்டில் முதல் நாளிலிருந்தே எழுத வேண்டாம்; டெம்ப்ளேட் எண் இருக்கும்போது அதற்குத் தேவையும் இல்லை.